அகப்பைக்குத் தங்கம் எதற்கு? அழகு பற்றிக் கிரேக்கர்கள் போட்ட சண்டை

திண்ணைவாசி:

அழகு பற்றிய கட்டுரை எதை எடுத்தாலும் இரண்டாவது பத்திக்குள் ஏதென்சின் பார்த்தினான் கோயில் வந்துவிடுகிறது. கிரேக்கர்களா, அவர்களுக்கு அழகென்றால் அளவு, விகிதம், சமச்சீர் என்று ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விடுகிறோம். அளவுதான் அழகு என்று சொன்னவர்கள் அங்கே இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருத்தைப் பிடித்து உலுக்கியவர்களும் அதே மரபுக்காரர்கள்தான். அந்தச் சண்டையைப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

எனக்குப் பிடித்த இடம் ‘பெரிய ஹிப்பியாஸ்’ என்ற உரையாடல். பிளாட்டோ பெயரில் இருக்கிறது. அவர்தான் எழுதினாரா என்று ஒரு வழக்கு உண்டு, அது கிடக்கட்டும். ஹிப்பியாஸ் எலிஸ் ஊர்க்காரர். ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லிக் காசு பார்த்தவர். சிசிலியில் மட்டும் 150 மினாவுக்கு (அந்தக் காலக் கிரேக்கப் பணக் கணக்கு) மேல் சம்பாதித்தேன் என்று சாக்ரடீசிடமே பீற்றிக்கொள்கிறார். அவரிடம் சாக்ரடீஸ் கேட்கிறார்: எதெல்லாம் அழகு என்று பட்டியல் வேண்டாம், எது இருப்பதால் அவை எல்லாம் அழகாக இருக்கின்றன? கேள்வியைத் தன் கேள்வியாகவும் கேட்பதில்லை. ‘எனக்குத் தெரிந்த முரடன் ஒருவன் விடாமல் கேட்கிறான்’ என்று இன்னொருவன் தலையில் போடுகிறார். அந்த முரடன் யார் என்று வாசிக்கிறவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிடும், ஹிப்பியாசுக்கு மட்டும் புரியாது.

அழகு என்றால் அழகான பெண் என்கிறார் ஹிப்பியாஸ், யோசிக்கவே இல்லை. சரி, அழகான பெண்குதிரை? அதுவும்தான். யாழ்? அதுவும். அப்படியானால் பானை? இங்கேதான் அவருக்குக் கோபம் வருகிறது. இவ்வளவு உயர்ந்த பேச்சில் பானையைக் கொண்டுவருகிறானே, யார் அந்த நாகரிகம் தெரியாத ஆள் என்கிறார். சாக்ரடீஸ் விடுவதாக இல்லை. சும்மா பானை இல்லை ஐயா, நல்ல குயவன் வனைந்தது, வழவழவென்று உருண்டையாக, பதமாகச் சுட்டது, இரண்டு கைப்பிடி வைத்தது, ஆறு கோயெஸ் கொள்ளும் (நம் கணக்கில் ஏறக்குறைய 20 லிட்டர்) என்று சந்தையில் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் மாதிரி வர்ணிக்கிறார். பெண்ணுக்கு முன்னால் பானை எம்மாத்திரம் என்கிறார் ஹிப்பியாஸ். அப்படியானால் தெய்வத்துக்கு முன்னால் அந்தப் பெண் எம்மாத்திரம் என்று பதில் வருகிறது.

அடுத்த பதில், தங்கம். எதில் சேர்ந்தாலும் அதை அழகாக்கும் என்கிறார். அப்படியென்றால் ஃபிடியாஸ் தன் அதீனா சிலைக்கு முகத்தையும் கைகால்களையும் ஏன் தந்தத்தில் செய்தான், கண்மணியை ஏன் கல்லில் வைத்தான்? பொருந்துகிற இடத்தில் எதுவும் அழகுதான் என்று ஹிப்பியாஸ் இறங்கி வருகிறார். உடனே அகப்பை வருகிறது. அந்த அழகான பானை நிறையப் பயற்றங்கஞ்சி கொதிக்கிறது. கிண்டுவதற்குப் பொருத்தமானது தங்க அகப்பையா, அத்திமர அகப்பையா? அத்திமரம் கஞ்சிக்கு வாசனை கூட்டும். பானையை உடைக்காது, கஞ்சியைக் கொட்டி அடுப்பை அவிக்காது. தங்கம் அத்தனையும் செய்யும். ஆகவே அத்திமரம்தான் அழகு.

சிரித்துக்கொண்டே படித்தாலும் இது ஒரு வலுவான வாதம். அழகு பொருளுக்குள் மட்டும் இல்லை, பொருளும் அதன் வேலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது என்கிறது. ஆனால் சாக்ரடீஸ் அதையும் நிற்கவிடவில்லை. பொருத்தமான ஆடையும் செருப்பும் போட்டால் கோமாளி கூட அழகாகத் தெரிகிறான். தெரிவது வேறு, இருப்பது வேறு இல்லையா என்று கேட்டு அதையும் கவிழ்க்கிறார். பிறகு பயன் என்று ஒரு பதில், கண்ணாலும் காதாலும் வரும் இன்பம் என்று ஒரு பதில், எதுவும் தேறவில்லை. ‘அழகானவை கடினமானவை’ என்ற பழமொழியின் பொருள் இப்போது புரிகிறது என்று சொல்லிக் கிளம்புகிறார்.

என் கட்சி இதுதான்: அளவு என்கிற பதிலை விட இந்த அகப்பை எத்தனையோ மேல். மறுப்பவர்கள் வரலாம்.

கணக்குவாத்தியார்:

மறுக்கிறேன். அகப்பை சுவாரசியம்தான், ஆனால் அளவுக்காரர்களின் கையில் இருந்த சரக்கு என்ன என்று சொல்லாமலேயே அவர்களைத் தோற்கடிக்கிறீர்கள்.

பித்தகோரஸ் வழிவந்த பித்தகோரியர்கள் அழகென்றால் எண் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, நரம்பை மீட்டிப் பார்த்துச் சொன்னார்கள். ஒரே இழுவிசையில் இருக்கும் நரம்பைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் சட்ஜம். நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஒலித்தால் ச-வுக்குப் ப. நான்கில் மூன்று என்றால் ச-வுக்கு ம. 2:1, 3:2, 4:3. காதுக்கு இனிமை என்று படுகிற இடமெல்லாம் சின்ன முழு எண்களாக வந்து நிற்கிறது. அன்றைக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று யோசியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, காதுக்கு மட்டும் தெரிந்த ஒன்று, அதைக் கணக்கில் எழுதிவிட முடிகிறது. இதற்குப் பிறகு உடலிலும் கட்டடத்திலும் வானத்திலும் எண்ணைத் தேடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கூடவே ஓர் எச்சரிக்கை. பித்தகோரஸ் கொல்லன் பட்டறை வழியாகப் போனபோது சுத்தியல் ஓசையைக் கேட்டு, சுத்தியல்களை நிறுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை நூற்றாண்டுக் கணக்கில் நடமாடியது. அது பொய்க்கதை. சுத்தியலின் எடையில் அந்த விகிதம் வராது. நரம்பில் எடையைத் தொங்கவிட்டாலும் மேல் சட்ஜம் வர இரண்டு மடங்கு போதாது, நான்கு மடங்கு வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் வின்சென்சோ கலிலி, நம் கலிலியோவின் அப்பா, சோதித்துச் சொன்னார். நீளத்துக்குத்தான் அந்த எளிய விகிதம்.

புதுவரவு:

ஐயா, அப்படியானால் தங்க விகிதம் 1.618? பார்த்தினான் அந்த விகிதத்தில்தான் கட்டப்பட்டது, அதனால்தான் அழகு என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கணக்குவாத்தியார்:

தம்பி, அது நம்மவர்கள் எல்லாரும் விழுகிற பள்ளம். யூக்ளிட் அந்த விகிதத்தை வரையறுத்திருக்கிறார், உண்மை. கி.மு. 300 வாக்கில். ஆனால் ஐங்கோணம் வரைய, திண்ம உருவங்கள் அமைக்க என்று வடிவியல் வேலைக்குத்தான் பயன்படுத்துகிறார். அது அழகின் ரகசியம் என்று பழைய கிரேக்கர் யாரும் எழுதிவைத்த வரி கிடையாது. கட்டடத்திலும் உடலிலும் அதுதான் அழகின் விதி என்று பெரிதாகக் கிளப்பியவர் அடோல்ஃப் சைசிங் என்ற ஜெர்மானியர், 1854இல்.

பார்த்தினானில் உண்மையாகவே திரும்பத் திரும்ப வருவது 4:9. அடித்தளத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் அதுதான், ஏறக்குறைய 30.9 மீட்டருக்கு 69.5 மீட்டர். தூணின் அடிவிட்டத்துக்கும், ஒரு தூணின் நடுவிலிருந்து அடுத்த தூணின் நடுவுக்கு உள்ள தூரத்துக்கும் அதுவே. 9ஐ 4ஆல் வகுத்தால் 2.25. எந்தத் தங்கமும் இல்லை.

சிற்றுளி:

கல்வேலை செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாத்தியார் சொன்ன அந்த 4:9 கோயிலில் நேர்க்கோடு என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை, தெரியுமா? தளம் நடுவில் மேடாக வளைந்திருக்கிறது. நீளவாட்டில் 11 செ.மீ. அளவுக்கு, அகலவாட்டில் 6 செ.மீ. அளவுக்கு. தூண்கள் எல்லாம் லேசாக உள்பக்கம் சாய்ந்தவை. மூலைத்தூண் மற்றதை விடத் தடிமன். தூணின் உடம்பு மெலிதாகப் புடைத்திருக்கும். இதையெல்லாம் கல்லில் கொண்டுவருவது என்ன பாடு என்று உளி பிடித்தவனுக்குத்தான் தெரியும். வளைந்த தளத்தில் சாய்ந்த தூணை நிறுத்தினால் ஒவ்வொரு தூணின் அடிக்கல்லும் தனித்தனி வெட்டு. ஒன்றைக் கொண்டுபோய் இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. நேராகக் கட்டினால் பாதி வேலைதான். ஆனாலும் வளைத்தார்கள். நேராகக் கட்டினால் நடுவில் குழிந்தது போலத் தெரியும் என்று ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் காரணம் சொல்கிறார். காரணம் அதுதானா என்பது வேறு பேச்சு. அளவுநூலை வைத்துக்கொண்டே அளவை மீறினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பிளாட்டோவுக்கு இது பிடிக்காது. ‘சோஃபிஸ்ட்’ உரையாடலில் பெரிய சிலை செய்கிறவர்களைக் குறை சொல்கிறார். உள்ளபடி அளவு வைத்தால் மேல்பாகம் சிறுத்துத் தெரியும் என்பதால், இருக்கும் அளவை விட்டுவிட்டு அழகாகத் தெரியும் அளவை வைக்கிறார்களாம். அது உண்மையைக் கைவிடுவதாம். எங்கள் பட்டறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோபுரத்தின் மேல் நிலைக்குப் போகும் உருவத்துக்குத் தலையைக் கொஞ்சம் கூட்டி வை என்று சொல்லித்தான் சின்னப் பையன்களுக்கு வேலையே பழக்குகிறோம்.

பாலிக்ளைட்டஸ் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்கோஸ் ஊர்ச் சிற்பி, கி.மு. 5ஆம் நூற்றாண்டு. ‘கானன்’ என்று அளவு நூலே எழுதியவர். விரலுக்கு விரல், விரல்களுக்கு உள்ளங்கை, அதற்கு முன்கை, முன்கைக்கு மேல்கை என்று ஒவ்வொன்றும் மற்றதோடு பேச வேண்டும் என்பது அந்த நூலின் சாரம் என்று மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். எங்களிடமும் சிலைக்கு அளவு வைக்கும் தாள முறை உண்டு, உத்தம தசதாளத்துக்கு 124 அங்குலம் என்று. ஆனால் அந்த நூல் போய்விட்டது. அவருடைய ஈட்டிக்காரன் வெண்கலச் சிலையும் போய்விட்டது. நேப்பிள்சில் இருப்பது பொம்பேயில் கிடைத்த ரோமானியச் சலவைக்கல் நகல். அதை வைத்து அளவு எடுத்தவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். களிமண் நகம் வரைக்கும் வந்த பிறகுதான் வேலை கஷ்டம் என்று பாலிக்ளைட்டஸ் சொன்னதாக புளூட்டார்க் எழுதுகிறார். அந்த ஒரு வரியில் அவர் தொழில்காரர் என்று தெரிந்துவிடுகிறது.

ஏன்_எதற்கு:

எல்லாரும் அழகு என்று ஒன்று இருக்கிறது, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிறீர்கள். இல்லாமலே இருந்தால்?

‘இரட்டை வாதங்கள்’ என்று ஒரு சின்ன நூல் இருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியாது, ஸ்பார்ட்டா ஏதென்சை வென்ற கி.மு. 404ஐ ஒட்டியது. அதில் ஊர்வழக்கங்களை வரிசையாக அடுக்குகிறார். கிரேக்கத்துக்கு வடக்கே உள்ள திரேசில் பெண்பிள்ளைகளுக்குப் பச்சை குத்தினால் அது அலங்காரம், மற்ற இடங்களில் அது குற்றவாளிக்குத் தரும் தண்டனை. ஸ்பார்ட்டாவில் பெண்கள் கை தெரியத் திறந்த உடையில் பயிற்சி செய்வது அழகு, அயோனியாவில் அசிங்கம். கடைசியில் போடும் போடுதான் பிரமாதம். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாரும் தங்களுக்கு அசிங்கம் என்று படுவதை ஓரிடத்தில் கொண்டுவந்து குவிக்கட்டும். பிறகு அவரவருக்கு அழகென்று படுவதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். குவியலில் ஒன்றும் மிஞ்சாது!

அதற்கும் முன்னால் செனோஃபனிஸ் என்ற தத்துவக் கவிஞர். எத்தியோப்பியர் தங்கள் கடவுளைக் கறுப்பாக, சப்பை மூக்கோடு வைத்திருக்கிறார்கள். திரேஸ்காரர்கள் நீலக்கண்ணும் செம்பட்டை முடியுமாக வைத்திருக்கிறார்கள். குதிரைக்குக் கை இருந்து படம் வரையத் தெரிந்தால் அதன் கடவுள் குதிரையாகத்தான் இருக்கும் என்றார். ஹிப்பியாஸ் முதலில் சொன்ன அழகான பெண் எந்த ஊர்ப் பெண் என்று யாரும் கேட்கவில்லையே?

நெல்லிக்கனி:

ஏன்_எதற்கு எழுதியது: “குவியலில் ஒன்றும் மிஞ்சாது!”

நூலின் பெயரே இரட்டை வாதம். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டீர்களே. அழகும் அசிங்கமும் வேறு வேறு ஊருக்கு வேறு வேறு என்று சொல்லிவிட்டு அடுத்த பகுதியில் அதே ஆசிரியர் திரும்பி நின்று, அப்படியானால் அழகான காரியம் செய்தவன் அதே மூச்சில் அசிங்கமான காரியமும் செய்தான் என்றாகிறதே என்று மறுக்கிறார். அதோடு, குவியலில் ஒன்றும் மிஞ்சாது என்றால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று அழகாகப் படுகிறது என்றுதானே பொருள்? எது என்பதில்தான் சண்டை.

ஆளுக்கு ஆள் மாறும் என்பதைத் தத்துவக்காரர்களுக்கு வெகுமுன்பே, கி.மு. 600 வாக்கில் சாஃபோ என்ற பெண்கவிஞர் இன்னும் நன்றாகச் சொல்லிவிட்டார். கரிய பூமியின் மேல் மிக அழகானது எது? குதிரைப்படை என்கிறார்கள் சிலர், காலாட்படை என்கிறார்கள் சிலர், கப்பல் என்கிறார்கள் சிலர். ஒருவர் எதை விரும்புகிறாரோ அதுதான் என்கிறேன் நான். இதற்கு அவர் தரும் சாட்சி ஹெலன். உலகத்து அழகையெல்லாம் மிஞ்சியவள், அவளே இன்னொருவரை நோக்கிக் கணவனையும் குழந்தையையும் விட்டுக் கிளம்பினாள். அழகின் அளவுகோலாக இருந்தவளே வேறோர் அழகை அளக்கப் போய்விட்டாள்! பிறகு சட்டென்று, ஊரில் இல்லாத அனக்டோரியாவின் நடையையும் முகத்து ஒளியையும் பார்க்க வேண்டும், லிடியாவின் தேர்ப்படை வேண்டாம் என்கிறார். எகிப்தில் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிழிந்த பாப்பிரஸ் துண்டாகக் கிடந்த பாட்டு இது.

கவனியுங்கள், இது ‘எல்லாம் அவரவர் இஷ்டம்’ என்று கைகழுவும் பேச்சு இல்லை. நடையும் முக ஒளியும் உண்மையாகவே அவளிடம் இருக்கின்றன. விரும்புகிறவருக்கு அது கண்ணில் படுகிறது.

திண்ணைவாசி:

சாஃபோவைக் கொண்டுவந்ததற்கு நன்றி அம்மா. முக ஒளி என்றதும் இன்னொரு முகம் ஞாபகம் வந்துவிட்டது. சாக்ரடீஸ் முகம். அகப்பை வாதத்தை அவர் தன் மூஞ்சிக்கே பொருத்திப் பார்த்த கதை உண்டு. பிளாட்டோ இல்லை, சாக்ரடீசோடு பழகிய இன்னொருவரான செனஃபோன் எழுதிய ‘விருந்து’ நூலில்.

கிரிட்டோபுலஸ் என்று ஓர் இளைஞன், ஊரறிந்த அழகன். அவனோடு சாக்ரடீஸ் அழகுப்போட்டிக்கு நிற்கிறார். மனிதர் மட்டும்தான் அழகா, மற்றவையும் உண்டா என்று ஆரம்பிக்கிறார். குதிரை, மாடு, கேடயம், வாள், ஈட்டி எல்லாம் உண்டு என்கிறான் பையன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே, எப்படி? அதனதன் வேலைக்கு நன்றாக அமைந்திருந்தால் அழகு என்கிறான். மாட்டிக்கொண்டான். கண் எதற்கு? பார்க்க. அப்படியானால் என் கண்தான் அழகு, முன்னால் மட்டுமா, நண்டு மாதிரி துருத்திக்கொண்டிருப்பதால் பக்கவாட்டிலும் தெரிகிறது. மூக்கு எதற்கு? முகர. உன் மூக்குத் துளை தரையைப் பார்க்கிறது, என்னுடையது நாலாபுறமும் விரிந்திருக்கிறது. சப்பையாக இருப்பதால் இரண்டு கண்ணுக்கும் நடுவில் சுவர் எழுப்பாமலும் இருக்கிறது. தடித்த உதடு முத்தத்துக்கு மெத்தென்று இருக்கும். பையனுக்குப் பதில் வரவில்லை, ஓட்டுக்கு விடுங்கள் என்கிறான். ரகசிய வாக்கெடுப்பு. விளக்கை அழகன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், நீதிபதிகள் ஏமாறக் கூடாது என்கிறார் சாக்ரடீஸ். எண்ணிப் பார்த்தால் ஓட்டு எல்லாம் கிரிட்டோபுலசுக்கு. நீதிபதிகளைக் கெடுத்துவிட்டாய் என்று அலுத்துக்கொள்கிறார்.

வாதத்தில் ஜெயித்து ஓட்டில் டெபாசிட் இழந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். செனஃபோன் இதைத் தமாஷாக எழுதினாலும் உள்ளே ஒரு கொக்கி இருக்கிறது. பயன்தான் அழகு என்றால் அந்த முகம் ஜெயித்திருக்க வேண்டும். அறையில் இருந்த ஒருவர் கூட அப்படிப் பார்க்கவில்லை. இதே செனஃபோன் வேறோர் இடத்தில், வேலைக்கு நன்றாக அமைந்தால் சாணக்கூடை அழகு, சரியாக அமையாத தங்கக் கேடயம் அசிங்கம் என்று சாக்ரடீஸ் சொல்வதாகச் சிரிக்காமல் எழுதுகிறார். சாணக்கூடைக்கு ஒப்புகிறது, முகத்துக்கு ஒப்பவில்லை. ஏன்?

புதுவரவு:

தேர்தல் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கலாம் 😄

நெல்லிக்கனி:

திண்ணைவாசி ஐயா கேட்ட ‘ஏன்’ என்பதற்கு, அளவுக்காரர், பயன்காரர் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டவர் புளோட்டினஸ் என்ற தத்துவக்காரர். கி.பி. 3ஆம் நூற்றாண்டு, ரோமில் பாடம் நடத்தியவர், இறந்தது 270இல். அவர் எழுதியவற்றைத் தொகுத்த மாணவர் போர்ஃபிரி, காலவரிசையில் முதலாவதாக வைப்பது அழகைப் பற்றிய கட்டுரையைத்தான்.

அவர் காலத்தில் பெரும்பாலோர் ஒத்துக்கொண்டது ஸ்டோயிக்குகள் என்ற தத்துவக் கூட்டத்தாரின் பதில்: உறுப்புகள் ஒன்றோடொன்றும் முழுமையோடும் அளவொத்து இருப்பது, கூடவே நல்ல நிறம். புளோட்டினஸ் கேட்கிறார்: அளவொப்பு என்றால் பல பாகம் வேண்டும். அப்படியானால் பாகமே இல்லாத ஒன்று அழகாக இருக்கவே முடியாதா? சூரிய ஒளிக்கு எந்த உறுப்பு எதோடு அளவொத்திருக்கிறது? தங்கம் எப்படி அழகு? இரவில் வெட்டும் மின்னல்? ஒரு பாட்டில் தனி ஸ்வரமே சில நேரம் சொக்கவைக்கிறதே, அதில் என்ன விகிதம்? (வாத்தியார் ஐயா கவனிக்க.) அழகில்லாத பாகங்களைச் சேர்த்து அழகான முழுமையை எப்படிச் செய்வது? அப்புறம், கருத்துகளும் ஒன்றோடொன்று கச்சிதமாக ஒத்துப்போகலாம். ‘தன்னடக்கம் என்பது மடமை’, ‘நீதி என்பது வெள்ளந்தித்தனம்’ இரண்டும் அழகாக இசைகின்றன. இசைந்துவிட்டதால் அழகாகிவிடுமா?

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த இடம். ஒரே முகம், அளவு மாறவே இல்லை, ஆனால் ஒரு நேரம் அழகாக இருக்கிறது, ஒரு நேரம் இல்லை. பின்னால் எழுதிய வேறொரு கட்டுரையில் இதை இன்னும் கொண்டுபோகிறார். இப்போதுதான் உயிர் போன முகம். சதை வாடவில்லை, அளவு அப்படியே இருக்கிறது. அழகின் சுவடு மட்டும்தான் மிச்சம். அழகான சிலையை விட, அழகு குறைந்த ஆனால் உயிருள்ள மனிதர் அழகு என்று அடித்துச் சொல்கிறார். அளவு ஒளியை ஏந்தும் இடம்தான், ஒளி வேறெங்கிருந்தோ வருகிறது என்பது அவர் கட்சி. அந்த வேறெங்கு என்பது அவருக்கு ‘நன்மை’. ஆன்மா தன் மூலத்தை அடையாளம் கண்டுகொள்கிறது என்று எழுதிக்கொண்டே போவார். அந்த மாடி வரைக்கும் நான் கூடப் போகவில்லை. ஆனால் கீழ்த்தளத்தில் அவர் வைத்த கேள்விகளுக்கு எந்த அளவுக்காரரும் ஒழுங்காகப் பதில் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

இத்தனை எழுதியவர் தன் உருவத்தை வரையவிடவில்லை. இயற்கை மாட்டிவிட்ட நிழலைச் சுமப்பது போதாதா, நிழலுக்கு ஒரு நிழல் வேறு வேண்டுமா என்று கேட்டாராம். மாணவர் அமீலியஸ், கார்டீரியஸ் என்ற ஓவியரை வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைத்து, பார்த்துப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளச் சொல்லி, குருவுக்குத் தெரியாமலேயே வரையவைத்துவிட்டார். குருவை ஏமாற்றுவதில் எல்லா நாட்டு மாணவரும் ஒன்றுதான்.

கணக்குவாத்தியார்:

ஒளிக்கும் மின்னலுக்கும் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். தனி ஸ்வரத்துக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். தனி ஸ்வரம் என்று நீங்கள் கேட்பதே தனியானது இல்லை, அதற்குள் மேல்சுருதிகள் 1, 2, 3 என்று வரிசையாக ஒலிக்கின்றன. புளோட்டினசுக்கு அது தெரிய வழியில்லை, அதற்காக அவர் மேல் வழக்குப் போடவும் இல்லை.

அளவு என்றதும் எல்லாரும் விகிதத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறீர்கள். அரிஸ்டாட்டில் சொன்ன அளவு வேறு. ஒழுங்கு, அளவொப்பு, வரையறை இந்த மூன்றையும் கணிதம்தான் மற்ற எதையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது என்று மெய்யியல் நூலில் சொல்கிறார். ‘கவிதையியல்’ நூலிலோ பருமனைச் சேர்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான உயிர் அழகாக இருக்க முடியாது, பார்வை குழம்பிவிடும். 10,000 ஸ்டேடியம் நீளமுள்ள விலங்கும் அழகாக இருக்க முடியாது, ஒரே பார்வையில் அடங்காது. ஒரு ஸ்டேடியம் 185 மீட்டர் என்று வைத்தால் 1,850 கிலோமீட்டர்! கதைக்கும் அப்படித்தான், நினைவில் மொத்தமாக அடங்க வேண்டும். இங்கே அளவு என்பது பொருளுக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் இருக்கிறது. திண்ணைவாசியின் அகப்பைக்கு இது பக்கத்து வீடு.

ஏன்_எதற்கு:

சரி, அழகு என்றதும் எல்லாரும் தூக்கிக்கொண்டு வரும் பிளாட்டோவின் ஏணி எங்கே? இவ்வளவு நேரமாக ஆளைக் காணோமே.

திண்ணைவாசி:

வேண்டுமென்றேதான் விட்டேன். கேட்டதால் சொல்கிறேன்.

பிளாட்டோவின் ‘விருந்து’. அகத்தோன் நாடகப் போட்டியில் ஜெயித்ததற்கு நடக்கும் விருந்து, கி.மு. 416. மான்டினியா ஊரைச் சேர்ந்த தியோதிமா என்ற பெண் தனக்குச் சொல்லிக்கொடுத்ததாக சாக்ரடீஸ் சொல்கிறார். முதலில் ஓர் உடலின் அழகு. அது மற்ற உடல்களின் அழகுக்கு உடன்பிறப்பு என்று புரிகிறது. பிறகு உள்ளத்தின் அழகு, நடத்தையும் சட்டங்களும், அறிவுத்துறைகள், கடைசியில் எதோடும் ஒப்பிட வேண்டாத, கூடாத குறையாத அழகு. ‘பெரிய ஹிப்பியாஸ்’ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில் என்று பலரும் வாசிக்கிறார்கள். பெண்ணுக்கு முன் பானை, தெய்வத்துக்கு முன் பெண் என்று சரியாத ஒன்று வேண்டும் அல்லவா.

எனக்குள்ள குறை என்னவென்றால் மேலே போகப் போகக் கீழே உள்ளவர் படிக்கட்டாகிவிடுகிறார். ஒருவர் மீது இருந்த தீவிரம் அற்பமாகத் தோன்றிவிடும் என்று தியோதிமாவே சொல்கிறாள். நெல்லிக்கனி சொன்ன அனக்டோரியா இந்த ஏணியில் எந்தப் படி? பிளாட்டோவுக்கே இது உறுத்தியிருக்கும் போல. சாக்ரடீஸ் பேசி முடித்ததும் கதவைத் தட்டிக்கொண்டு அல்சிபியாடிஸ் குடிவெறியில் உள்ளே வருகிறான். பொதுவான அழகைப் பற்றி அவனுக்குப் பேச ஒன்றுமில்லை. இந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசுகிறான்: வெளியே பார்த்தால் சைலினஸ் (கிரேக்கக் கதைகளில் வரும் அவலட்சணமான காட்டுத்தேவதை) பொம்மை, திறந்தால் உள்ளே தெய்வ உருவங்கள். ஏணியைக் கட்டியவரே அதன் அடியில் இந்தக் குடிகாரனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். அதனால்தான் அவரைச் சும்மா விடமுடியவில்லை.

புதுவரவு:

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு கேள்வி. நமக்குப் பிடிப்பதால் அழகா, அழகாக இருப்பதால் பிடிக்கிறதா?

நெல்லிக்கனி:

இதே கேள்வியை கி.பி. 390 வாக்கில் அகுஸ்தீன் என்ற கிறிஸ்தவச் சிந்தனையாளர் கேட்டிருக்கிறார் தம்பி. ஒரு கட்டடத் தொழிலாளியிடம் போய்க் கேட்பதாக எழுதுகிறார். ஒரு வளைவு கட்டிவிட்டாய், எதிர்ப்பக்கமும் அதே அளவில் ஏன் கட்டுகிறாய்? இரண்டு பக்கமும் ஒத்திருக்க. ஒத்திருந்தால் என்ன? அதுதான் பார்வைக்கு நன்றாக இருக்கும். அதற்கு மேல் அவனிடம் பதில் இல்லையாம். பிறகு நீங்கள் கேட்டதைக் கேட்கிறார். அழகாக இருப்பதால்தான் பிடிக்கிறது என்று முடிக்கிறார். அவருடைய இளமைக்கால நூல் ஒன்று அழகையும் பொருத்தத்தையும் பற்றியது; அது அவர் கையிலிருந்தே தொலைந்துபோனது.

ஏன்_எதற்கு:

முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி. பழகிப்போனதால் பிடிக்கிறது என்று அந்தத் தொழிலாளி சொல்லியிருந்தால் அகுஸ்தீன் என்ன செய்திருப்பார்? அவனைப் பேசவிடவே இல்லையே.

சிற்றுளி:

என்னிடம் கேட்டிருந்தால் பதில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வளைவு வைத்தால் பாரம் ஒருபக்கமாகத் தள்ளும், சுவர் தாங்காது. எதிர்ப்பக்கம் வளைவோ முட்டுச்சுவரோ வேண்டும். முட்டுச்சுவர் கொடுத்தாலும் நிற்கும், ஆனால் வளைவுதான் வைப்போம். ஏன் என்று கேட்டால் நானும் அந்த ஆள் சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன்.

திண்ணைவாசி:

‘முட்டுச்சுவர் கொடுத்தாலும் நிற்கும்’ என்கிறீர்களே, அங்கேதான் என் அகப்பை வாதம் இடறுகிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். வாத்தியார் இதை அளவு கட்சிக்கு எடுத்துக்கொள்வார் என்று தெரியும். சாஃபோ கட்சிக்காரர் விடமாட்டார் என்றும் தெரியும்.

கணக்குவாத்தியார்:

எடுத்துக்கொண்டாயிற்று.